பாட்டோடு பாட்டாக ஒரு குரல்

மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் தொழிலுக்குப் பெரிய முதல் தேவையில்லை. ஒரு கம்ப்யூட்டரும், ஊரார் ரசனையைச் சகித்துக்கொள்ளும் பொறுமையும் இருந்தால் போதும். தக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் அப்படி ஒரு கடையைச் சில வருஷம் நடத்தினேன். முதலில் சி.டி. விற்றேன், பிறகு எழுதிக் கொடுத்தேன். எல்லார் கைக்கும் போன் வந்ததும் கார்டுக்கு மாறினேன். உங்களில் யாராவது அந்தக் காலத்தில் இதே தொழில் செய்திருந்தால், "அந்தப் படத்துல மழையில நனைஞ்சு ஆடுவாளே, அந்தப் பாட்டு" என்று கேட்டு வருகிறவர்களிடம் மாரடித்திருப்பீர்கள். தொழில் செய்யாதவர்கள் அப்படிக் கேட்டு எங்களிடம் வந்தவர்களாக இருப்பீர்கள். எப்படியானாலும் பட்ட பாடு ஒன்றுதான்.

கடையின் மறுபாதியில் ஜெராக்ஸும் ரீசார்ஜும். அதைப் பார்த்துக்கொண்டவள் ஜெனிலா. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவள், மற்ற நாட்களில் என்னைத் திட்டுகிறவள். இனி நான் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் அவள்தான் சாட்சி. அவள் இல்லையென்றால் எனக்கே நம்பிக்கை வராது.

ஒரு பாட்டுக்கு ஆசைப்பட்டவர்

ஆரம்பத்தில் நான் யோக்கியனாகத்தான் இருந்தேன். ஒரிஜினல் சி.டி.க்களைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருந்தேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் வந்து, டி.வி.யில் கேட்ட ஒரு பாட்டு வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார். கேட்ட பாட்டு ஒன்று. அதே பாட்டு சோகமாக ஒரு தடவை, குரலே இல்லாமல் வெறும் இசையாக ஒரு தடவை. மிச்சமெல்லாம் படத்தில்கூட வராத பாட்டுகள். விலையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அந்தக் காசுக்கு அன்றைக்குக் குளச்சலில் நல்ல நெய்மீனாக ஒரு கிலோ வாங்கலாம்.

இந்தப் பாட்டை மட்டும் தர முடியாதா என்று கேட்டார். கம்பெனி அப்படி விற்பதில்லை என்றேன். சி.டி.யை மெதுவாக அலமாரிமேல் வைத்துவிட்டு டீச்சர் சொன்னார்: "ஒருத்திய புடிச்சிருக்குன்னு சொன்னா அவளுக்க தங்கச்சிமாரையும் சேத்துக் கட்டச் சொல்லுதீரே, இது எந்த ஊரு நியாயம்?"

பதில் சொன்னவர்

அன்றைக்குப் பிறகு நானும் ஊரோடு ஒத்துப்போனேன். பாட்டு எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது சொன்னால் யாரும் அடிக்க வரமாட்டீர்கள். உங்களிடமிருந்துதான் வந்தது. கார்டை நீங்கள் நீட்டியதும், அதில் இருப்பதை முதலில் எங்கள் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்வோம். கார்டில் இடமில்லை என்றால், "பழச அழிச்சிடவா?" என்று கேட்டு அழித்துவிட்டு, எங்களிடம் இருப்பதை ஏற்றுவோம். துபாயிலிருந்து வந்தவன் கார்டில் கிடைத்த பாட்டு குலசேகரத்துக்காரன் கைக்குப் போகும், அவனுடையது அஞ்சுகிராமம் போகும். இறங்குகிற எல்லாவற்றுக்கும் பெயரை மாற்றி, கடைப் பெயரையும் ஒரு நம்பரையும் போட்டு, 'புதுப்பாட்டு' என்ற ஃபோல்டரில் கொட்ட ஒரு சாஃப்ட்வேர் வைத்திருந்தேன். கார்டில் இருப்பது பாட்டா, யாராவது ரெக்கார்டு செய்த பேச்சா என்று அதற்குத் தெரியாது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்க எனக்கு நேரமும் இல்லை.

ஒருநாள் நான் கடை திறக்க வரும்போது, ஷட்டருக்கு முன்னால் தங்கப்பன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். வெளிச்சம் வருமுன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, சட்டைப் பையில் போனைப் பாடவிட்டு, மரம் மரமாகப் போவார். அன்று ஒரு குத்துப்பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டு வரவில்லை. அதற்குப் பதில் ஒரு பெண்குரல், "வந்தியா மக்கா? கதவ அடைக்கல" என்றது. சுற்றிலும் ரப்பர் மரங்கள்தான். அடைக்க அங்கே ஒரு கதவும் கிடையாது.

நாங்களும் போட்டுக் கேட்டோம். வயதான குரலும் இல்லை, இளங்குரலும் இல்லை. வெகுநேரம் காத்திருந்து சலித்தவள், கோபம் இல்லாமல் கேட்கிற மாதிரி இருந்தது. பின்னால் டக்டக்கென்று ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. "மாவு மில்லுப் பக்கத்து வீடா இருக்கும் அண்ணே, பயமுறுத்துத சத்தம் இல்ல, எங்க வீட்டுல கூப்பிடுத மாதிரிதான் இருக்கு" என்றாள் ஜெனிலா. சொல்லிவிட்டு, ஏனோ கடைக்கதவைத் திரும்பிப் பார்த்தாள். தங்கப்பன் போனில் வேறொரு கார்டைப் போட்டு, பழையதையும் அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் அப்போதும் எழுந்து போகவில்லை.

"பயந்துட்டு வரல்ல அண்ணே. வாய் தவறி 'வந்துட்டேன்'னு பதில் சொல்லிப்போட்டேன், இனி நான் என்ன செய்யணும்?"

டிக்கெட் எடுக்காதவள்

எங்கள் கம்ப்யூட்டரில் அந்தக் குரல் எந்த நம்பரில் கிடக்கிறது என்று தேடி அழித்திருக்கலாம். தேடினால் திரும்பவும் கேட்க வேண்டிவரும். வேலை தலைக்குமேல் கிடக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களுக்குத் தெரியும், பயத்துக்கு இதைவிட மரியாதையான பெயர் இல்லை.

குளச்சல் மினி பஸ் கண்டக்டர் முருகேசன் எங்களிடம்தான் பென்டிரைவில் பாட்டு வாங்குவார். ஒருநாள் நல்ல மழை. ஜன்னல் ஷட்டரெல்லாம் இறக்கி, பஸ் நிறைய ஆட்கள். ஒரு வளைவில் பஸ் திரும்பும்போது ஸ்பீக்கரில் அந்தக் குரல் வந்தது: "வந்தியா மக்கா? கதவ அடைக்கல." டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டுத் திரும்பினார். முருகேசன் அடைத்திருந்த கதவு திறந்து கிடந்தது, மழை உள்ளே அடித்தது. கொக்கி சரியில்லாத கதவுதான் என்று முருகேசனே ஒத்துக்கொண்டார். 

பின் சீட்டில் ஒருவன் மட்டும் எழுந்து, "அதத் திருப்பிப் போடுங்க, திருப்பிப் போடுங்க" என்று கத்தியிருக்கிறான். டிரைவர் செட்டையே அணைத்துவிட்டார். அந்த ஆள் கம்பியைப் பிடித்தபடி கொஞ்சநேரம் நின்றான், அடுத்த நிறுத்தத்தில் மழையோடு இறங்கிப் போய்விட்டான். குடித்திருப்பான் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்களாம். மறுநாள் முருகேசன் பென்டிரைவைக் கொண்டுவந்து, தன் கண்ணெதிரே அந்தக் குரலை அழிக்கவைத்தார்.

"நிக்கவங்க இருக்கவங்க எல்லாருக்கும் டிக்கெட் கிழிச்சாச்சு அண்ணே, அவ எந்த ஸ்டாப்புல ஏறினான்னு மட்டும் தெரியல்ல."

கொடைக்கு வந்தவள்

மைக்செட் குமரேசனுடைய பழைய மெஷின் சி.டி.யை மட்டும்தான் தின்னும். அதனால் அவருக்கு மட்டும் பாட்டுகளைச் சி.டி.யில் எழுதிக் கொடுப்பேன். சுசீந்திரத்துக்கு அந்தப் பக்கம், வயல் நடுவே ஒரு இசக்கியம்மன் கோவிலில் கொடைத் திருவிழா. நல்ல உச்சி வெயில். அம்மனுக்கு அலங்காரம் நடப்பதால் நடை அடைத்திருந்தார்கள். தென்னை மரங்களில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்கள் வயலைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தன. ஒரு பாட்டு முடிந்தது. வயல் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு பெண் கேட்டாள், "வந்தியா மக்கா? கதவ அடைக்கல."

நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் குனிந்தவாக்கில் அப்படியே நின்றார்கள். கோவிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தபோது, அடைத்திருந்த நடையில் ஒரு கதவு விலகியிருந்தது. காற்று என்று சொல்லலாம். அன்று காற்றே இல்லை என்கிறார் குமரேசன். சாமியாடி அங்கேயே ஆடத் தொடங்கிவிட்டார். கொடை முடிந்ததும் கமிட்டிக்காரர்கள் குமரேசனிடமிருந்து சி.டி.யை வாங்கி, குங்குமம் அப்பி, சிவப்புப் பட்டில் பொதிந்து, அம்மன் காலடியில் வைத்துவிட்டார்கள். குமரேசன் என்னிடம் வந்து நின்றார்.

"அது இனி அம்மனுக்க சி.டி., கேக்க முடியாது. எனக்கு வேற ஒண்ணு எழுதித் தாரும் வேய், அம்மன் பேசாததாப் பாத்து எழுதும்."

கம்பெனிக்காரர்

கொஞ்சநாளில் சென்னையிலிருந்து ஒரு ஆடியோ கம்பெனியின் ஆள் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஃபைல். எங்கள் மாதிரி ஆட்களால் கம்பெனி நஷ்டப்படுகிறது என்று ஆரம்பித்தார். ஒரு பாட்டுக்கு ஒன்பது பாட்டை விற்றால் ஜனம் வேறு என்ன செய்யும் என்று ஜெனிலா கேட்டாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அடுத்த வாரம் போலீஸோடு வருவேன், என்னென்ன பாட்டு இருக்கிறதென்று இப்போதே பார்க்கிறேன் என்று என் நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டி, 'புதுப்பாட்டு' ஃபோல்டரில் கைக்கு வந்த ஒன்றைத் தட்டினார்.

அத்தனை ஆயிரம் பாட்டு இருக்க, அவர் கைக்கு வந்தது அதுதான். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டோம். கடைவாசலை ஒரு தடவை பார்த்தார். ஹெட்போனைக் கழற்றி, சூடான பாத்திரத்தை வைக்கிற மாதிரி மேசைமேல் வைத்தார். கொண்டுவந்த ஃபைலைத் திறக்கவே இல்லை. அவர் போன கையோடு, போலீஸுக்குப் பயந்து அந்த ஃபோல்டர் முழுவதையும் அழித்தேன். ஜெனிலா தடுத்தாள், "அந்தக் குரல மட்டும் வையுங்க அண்ணே, யாருக்க அம்மையோ" என்றாள். நான் கேட்கவில்லை. கம்பெனிக்காரர் பிறகு வரவுமில்லை. போகும்போது வாசலில் நின்று அவர் கேட்டது இதுதான்.

"இதுக்கு ரைட்ஸ் யார்கிட்ட இருக்கு?"

தேடி வந்தவன்

அடுத்த மாதம் ஒரு மீன்பிடிக்காரர் வந்தார். பெயர் சூசை. குளச்சலை ஒட்டிய கடற்கரைக்காரர். கழுத்தில் சிலுவை, வெயிலில் வெளுத்த தலைமயிர். விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போனால் கரை திரும்ப மாதமாகும் என்றார். பாட்டு வேண்டுமா என்று கேட்டேன். "பாட்டு வேண்டாம். அன்னைக்கி பஸ்ஸுல பேசினது எனக்க அக்கா" என்றார். பின் சீட்டில் எழுந்து கத்தியவர் இவர்தான். மறுநாளே படகு புறப்பட்டுவிட்டதால் உடனே வர முடியவில்லையாம்.

அம்மா இல்லாத வீட்டில் திரேசக்காதான் அவரை வளர்த்திருக்கிறாள். தம்பி கடலிலிருந்து வரும் வரைக்கும் கதவை அடைக்கமாட்டாள். அவள் இறந்தபோது சூசை கடலில் இருந்தார், கரை சேரும்முன் அடக்கமும் முடிந்துவிட்டது. மிஞ்சியது போனில் கிடந்த அந்தக் குரல் ஒன்றுதான். கூட வேலை பார்த்த ஒருவன், விஷயம் தெரியாமல், பாட்டு ஏற்றுவதற்காக அந்தக் கார்டை எங்கள் கடைக்குக் கொண்டுவந்திருக்கிறான். நாங்கள் வழக்கம்போல "பழச அழிச்சிடவா?" என்று கேட்டிருக்கிறோம். அவன் சரி என்றிருக்கிறான்.  எனக்கு அந்த மனிதர் முகத்தைப் பார்க்கவே கூசியது.

நான் கம்ப்யூட்டரைக் குடைந்தேன், ஒன்றும் மிஞ்சவில்லை. முருகேசன் பென்டிரைவில் நானே அழித்தாயிற்று. தங்கப்பனுக்குப் போன் போட்டேன். பயத்தில் அவர் அந்தப் பழைய கார்டை ரப்பர் பாலுக்குள் போட்டு, ஆசிட் ஊற்றி உறையவைத்து, ஷீட்டாக அடித்தே விட்டாராம். "அது ஷீட்டோட ஷீட்டா கோட்டயம் போயாச்சு அண்ணே" என்றார். சூசை எல்லாவற்றையும் நின்றபடி கேட்டார். எங்களை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

"கடலுக்குள்ள போனத வலை போட்டுத் தேடுவோம். கம்ப்யூட்டருக்குள்ள போனத எங்கண போயித் தேட?"

அம்மன் காலடியில்

சி.டி.யை ஞாபகப்படுத்தியது ஜெனிலாதான். கம்ப்யூட்டரில் அழிந்தால் அழிந்ததுதான், சி.டி.யில் எழுதியதை யாராலும் அழிக்க முடியாது. ஒரு லேப்டாப்பை இரவல் வாங்கிக்கொண்டு மூன்று பேருமாக சுசீந்திரம் பஸ் ஏறினோம். கோவில் கமிட்டித் தலைவர் கோலப்பன் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். சூசையின் கழுத்துச் சிலுவையை இன்னும் கொஞ்சநேரம் பார்த்தார். அம்மனுக்கு வைத்ததைத் திரும்ப எடுக்கும் வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார். சூசை கெஞ்சவில்லை. நடைக்கு நேராகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் எனக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் சொன்னேன். நாங்கள் எடுத்துப் போகமாட்டோம், காப்பிதான் எடுப்போம். உங்களுடையது உங்களிடமே இருக்கும், கொஞ்சமும் குறையாது. காப்பி எடுத்தால் அம்மனுடைய சக்தி குறைந்துவிடாதா என்று கோலப்பன் கேட்டார். இதே சந்தேகம் அந்த ஆடியோ கம்பெனிக்கும் உண்டு. ஆனால் அம்மன் அவ்வளவு கணக்குப் பார்க்கிறவள் இல்லை என்று பூசாரி சொன்னதும் கோலப்பன் இறங்கி வந்தார்.

பட்டுத்துணியை அவிழ்த்தால் சி.டி. முழுக்கக் குங்குமமும் எண்ணெயும். ஜெனிலா தன் துப்பட்டா நுனியால் பையப் பையத் துடைத்தாள். லேப்டாப் அதை உள்ளே வாங்கி, உறுமி, வெளியே தள்ளியது. மறுபடி துடைத்துப் போட்டோம், மறுபடியும் தள்ளியது. சூசை உதட்டுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். பூசாரி உள்ளே போய் மணியடித்தார். அடுத்த தடவை உறுமல் நின்று, பாட்டுகள் வரிசையாகத் திரையில் வந்தன. அந்த ஒன்றை மட்டும் சூசையின் கார்டுக்கு மாற்றினேன். கோலப்பன் சி.டி.யை வாங்கி, புதிதாகக் குங்குமம் வைத்துப் பொதிந்தார்.

"உமக்கு அக்கா, எங்களுக்கு அம்மை. ரெண்டு வீட்டுக்கும் கதவு தொறந்து கெடந்துட்டுப் போட்டும்."

மாவு மில்

திரும்பும்போது வயலோர பஸ் நிறுத்தத்தில் நின்றோம். பஸ் வருவதாகத் தெரியவில்லை. சூசை கார்டைப் போனில் போட்டு, காதோடு வைத்துக் கேட்டார். பிறகு எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். பட்டப்பகல், எதிரே பச்சை வயல். "வந்தியா மக்கா? கதவ அடைக்கல." பின்னால் அதே டக்டக் சத்தம். சூசை குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டே அழுதார்.  எத்தனையோ பாட்டு ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். ஒருவர் முகத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஜெனிலாவால் சும்மா இருக்க முடியாது. "உங்க வீட்டுப் பக்கத்துல மாவு மில்லு உண்டுமா அண்ணே? பின்னால மோட்டார் ஓடுதே" என்று கேட்டாள். சூசை கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதில் என்ன இருக்கிறது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"மில்லு இல்ல பிள்ளே, அது எங்க படகுக்க எஞ்சின். கூட்டுக்காரன் பாடுதத ரெக்கார்டு பண்ணலாம்னு நடுக்கடல்ல வச்சுப் பட்டன அமுக்கினேன், அவன் பாட்டு பதியல்ல, இதுதான் பதிஞ்சிருந்து. அன்னைக்குத்தான் அக்கா போயிருக்கா, கரைக்கு வந்த பொறவுதான் எனக்குத் தெரியும். அவ வள்ளத்துல ஒரு காலு வச்சதில்ல."

ஒரிஜினல் எங்கே என்று யோசிக்காமலே ஊருக்கெல்லாம் பாட்டு ஏற்றிக் கொடுத்த எனக்கு, இந்த ஒன்றின் ஒரிஜினல் எங்கே இருக்கிறது என்று விசாரிக்க மட்டும் இன்றுவரை தைரியம் வரவில்லை.